உருகாமலே கல்லு எப்படி வளையுது?

தூசிமேகம்:
ஸ்ட்ரக்சரல் ஜியாலஜி இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். ஒரு போட்டோல டோலமைட்ங்கிற கெட்டியான கல்லு லேயர் துண்டு துண்டா அறுந்து வரிசையா கெடக்கு, சுத்தியிருக்குற மார்பிள் மட்டும் நெளிஞ்சு அந்த இடைவெளிக்குள்ள பூந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஸ்ட்ரெஸ்தானே (பரப்பு மேல விழுற விசை), அப்புறம் ஏன் ஒண்ணு உடையுது ஒண்ணு ஓடுது? அதுவும் உருகவே இல்லையாம்!

படிகம்_7:
ஒரே ஸ்ட்ரெஸ்னு எடுத்துக்கிட்டதுலதான் சிக்கலே. ரெண்டு லேயரும் ஒட்டிக்கிட்டு ஒண்ணா இழுபடுது, மார்பிள் கொஞ்சம் ஸ்ட்ரெஸ்லயே இழுப்புக்கு வந்துடும், டோலமைட் வராது, அதனால அதுமேல ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போயி கடைசில அறுந்துடுது. இதுக்கு பூடினாஜ்னு பேரு.
உருகாம எப்படின்னா, படிகத்துக்குள்ள அணு வரிசைல டிஸ்லொகேஷன்னு சின்னச் சின்ன பிசகு இருக்கும், அது மெல்ல நகர நகர படிகம் உடையாமலே உருமாறிடும். மார்பிள்ல இருக்குற கால்சைட் மினரலுக்கு இதுக்கு பெரிய சூடு வேணாம். குவார்ட்ஸுக்கு சுமார் 300 டிகிரி செல்சியஸ், ஃபெல்ஸ்பாருக்கு 450க்கு மேல. அதான் மைலோனைட் ஆன, அதாவது ஆழத்துல இழுபட்டு நசுங்கி வரிவரியா மாறுன கிரானைட்ல குவார்ட்ஸ் ரிப்பன் மாதிரி நீண்டிருக்கும், பக்கத்துலயே ஃபெல்ஸ்பார் விரிசல் விட்டு நிக்கும், ஒரே கல்லுலயே ரெண்டு கதை.

ஆழம்தேடி:
சூடு மட்டும் இல்லீங்க, அழுத்தமும் இருக்கு. 1911லயே ஃபான் கார்மான்னு ஒரு விஞ்ஞானி இத்தாலியோட கராரா மார்பிளை சுத்திலும் அழுத்தம் குடுத்துக்கிட்டே நசுக்கிப் பாத்தாரு, அதுவும் ரூம் டெம்பரேச்சர்ல. அழுத்தம் இல்லாதப்ப படார்னு உடைஞ்ச அதே கல்லு அழுத்தம் ஏத்துனதும் உடையாம அமுங்குச்சு. விரிசல் திறந்து வழுக்கவே எல்லாப் பக்கத்து அழுத்தமும் விடல, அவ்ளோதான்.

மெதுவா_போ:
நேரத்தை விட்டுட்டீங்களே. லேப்ல ஒரு செகண்டுக்கு 1 லட்சத்துல ஒரு பங்கு உருமாற்றம்னு வச்சா, மலை உருவாகுற இடத்துல செகண்டுக்கு 10க்கு மைனஸ் 14 பவர், அதாவது நூறு லட்சம் கோடில ஒரு பங்குதான். அந்த வேகத்துல 1 சதவீதம் நீளவே 30,000 வருஷத்துக்கு மேல ஆகும். லேப்ல அவ்ளோ காலம் யாரு உக்காந்திருக்கறது, சூட்டை ஏத்தி வேகமா ஓட வச்சுட்டு கணக்குல இயற்கை வேகத்துக்கு கொண்டு வருவாங்க.

தூசிமேகம்:
அப்ப ஆழத்துல வளையும் மேல உடையும், கரெக்டா?

படிகம்_7:
கண்டத்து மேலோட்டுல உடையுறது வளையுறதா மாறுற ஆழம் சுமார் 10–15 கிமீங்கிறது பொதுவா சொல்றது, ஆனா அதை கோடு போட்ட மாதிரி எடுத்துக்காதீங்க. ஈரான் ஸாக்ரோஸ்ல உப்பு தரை மேலயே கிளேசியர் மாதிரி வழியுது. எதிர்ப்பக்கம், துளைகள்ல இருக்குற தண்ணி அழுத்தம் ஏறுனா ஆழத்துலயும் கல்லு உடையும், 1959ல ஹப்பர்ட், ரூபின்னு ரெண்டு ஜியாலஜிஸ்ட்டுங்க பெரிய பெரிய த்ரஸ்ட் பாறைத் தகடுகள் (பக்கத்துப் பாறை மேல தள்ளி ஏத்தப்பட்டது) நகர்றதுக்கே இதைத்தான் காரணமா சொன்னாங்க. அதனால ஆழத்தை கேக்குறதுக்கு முன்னாடி என்ன மினரல், தண்ணி இருக்கா, எவ்ளோ வேகம்னு கேளுங்க.