அகேட் கற்களில் மெருகு ஏறவில்லை, எங்கே தவறு?

கேள்வி: கல்லை மெருகேற்றும் சுழல் உருளையில் நான்கு வாரம் சுற்றியும் அகேட் (ஒரு வகைக் குவார்ட்ஸ்) கற்கள் மங்கலாகவே இருக்கின்றன, நனைத்தால் மட்டும் பளபளக்கின்றன. கரட்டுப் பொடியில் 60/90, 220, 500 (எண் கூடக் கூடப் பொடி நுண்மையாகும்), கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு, ஒவ்வொன்றும் ஒரு வாரம் ஓட்டினேன்.

பதில்: அப்படியென்றால் மேற்பரப்பில் இன்னும் நுண்கீறல் இருக்கிறது. அகேட்டின் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டுவது) 6.5 முதல் 7, அதனால் முதல் கட்டத்துக்கு ஒரு வாரம் பெரும்பாலும் போதாது. குழியும் விரிசலும் மறையும் வரை மூன்று நான்கு வாரம்கூட ஓட்டுவேன், தயாரான கற்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுப்பேன்.

இன்னொரு பதில்: கழுவுவதையும் கவனியுங்கள். விரிசலில் கொஞ்சம் பழைய கரட்டுப் பொடி ஒட்டியிருந்தாலே மெருகு கெட்டுவிடும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம், கழிவுச் சேற்றைத் தயவுசெய்து சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

கேட்டவர்: சரி, விரிசல் உள்ளவற்றைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுகிறேன்.