எஸ்டீம் 1.3 எஞ்சினில் பைக் த்ராட்டில் பாடிகள்: 38 மி.மீ. போதுமா, 42 மி.மீ. வேண்டுமா?

பழைய_எஸ்டீம் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் 16 வால்வு ஜி13பிபி எஞ்சின் கொண்ட மாருதி எஸ்டீம் ஒன்று உள்ளது. இனி அதைச் சாலையில் ஓட்டும் எண்ணம் இல்லை. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்டுவதற்காகப் பின்னிருக்கையைக் கழற்றி, ரோல் கேஜ் பொருத்தித் தயார் செய்துவருகிறேன். எஞ்சினின் உட்பகுதியில் இதுவரை கை வைக்கவில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்கூட நிறுவனம் கொடுத்ததுதான்.

எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஒற்றை த்ராட்டிலை எடுத்துவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக பைக்கின் நான்கு த்ராட்டில் பாடிகளைப் பொருத்த விரும்புகிறேன். புதுப்பேட்டையில் ஒரு கடையில் சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 600இன் 38 மி.மீ. வாய் விட்டமுள்ள செட்டும், ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000இன் 42 மி.மீ. செட்டும் இருக்கின்றன, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்குவது? பைக் த்ராட்டில்களின் இடைவெளி கார் எஞ்சினின் போர்ட்டுகளோடு (ஹெட்டில் காற்று நுழையும் துளைகள்) பொருந்தாது என்கிறார்கள். அதை எப்படிச் சரிசெய்வது? நிறுவனத்தின் இசியுவையே (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்துக்கொள்ள முடியுமா? உண்மையில் எவ்வளவு சக்தி கூடும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

லேத்துப்பட்டறை:

நண்பரே, 38 மி.மீ. செட்டையே வாங்குங்கள். உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 325 சிசி; அது 6,500 ஆர்பிஎம் வரைதான் சுழலப்போகிறது. 2001இல் வந்த ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000இன் சிலிண்டர் 247 சிசிதான் என்றாலும் அது 11,000 ஆர்பிஎம் வரை சுழலும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், உங்கள் எஞ்சின் கேட்பதைவிடக் கால்பங்குக்கும் மேல் கூடுதலான காற்றை விடுவதற்காகவே அந்த 42 மி.மீ. வாய் அமைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். 600இன் 150 சிசி சிலிண்டரை 13,000 ஆர்பிஎம்மால் பெருக்கினால் வரும் விடை உங்கள் எஞ்சினுக்கு வெகு அருகில் நிற்கிறது.

பெரிய வாயால் இன்னொரு தொல்லையும் உண்டு. 50 மி.மீ. ஒற்றை த்ராட்டில் ஒன்றின் பரப்பு சுமார் 1,960 சதுர மி.மீ. என்றால், 42 மி.மீ. வாய்கள் நான்கின் பரப்பு 5,540ஐத் தொடும். ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தவுடனேயே எஞ்சினுக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். எஞ்சிய மிதிப்புக்கு வேலையே இராது. வளைவின் நடுவில் வண்டி துள்ளும். 38 மி.மீ. செட்டிலும் இது ஓரளவு இருக்கும் என்பதால், கேபிள் சுற்றும் புல்லியை ஆரம் கூட்டி, தொடக்கத்தில் மெதுவாகத் திறக்கும்படி முட்டை வடிவில் கடைந்து கொள்ளுங்கள்.

போர்ட் மையங்களின் இடைவெளியை சிலிண்டர் ஹெட்டில் வெர்னியர் வைத்து நீங்களே அளந்து கொள்ளுங்கள். யாரோ எழுதிய எண்ணை நம்பித் தகட்டை வெட்டக் கூடாது. த்ராட்டில்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டுக் குழாய்களை வளைப்பது ஒரு வழி. த்ராட்டில்களைப் பிரித்து, நீளமான தண்டுகளால் போர்ட்டுகளுக்கு நேராக விலக்கி வைப்பது மற்றொரு வழி. பின்னதையே நான் விரும்புவேன், ஏனெனில் காற்று நேராகச் செல்லும். ஆனால் பிரித்தவுடன் ஒரு ஷாஃப்ட்டை அடுத்த ஷாஃப்ட்டோடு இணைக்கும் நாக்குகள் எட்டாமல் போகும்; அவற்றை நீட்ட வேண்டும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃப்யூவல் ரெயிலையும் புதிதாகச் செய்ய வேண்டும். சில மாடல்களில் இரண்டிரண்டு த்ராட்டில்கள் ஒரே வார்ப்பாக இருக்கும். வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

மேனிஃபோல்டின் அடித்தகடு 10 மி.மீ. அலுமினியமாக இருக்கட்டும். டிக் வெல்டிங் சூட்டில் அது கட்டாயம் வளையும் என்பதால், கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய நிலையிலேயே வெல்டிங் செய்து, ஆறிய பிறகு முகத்தை மில்லிங்கில் சமப்படுத்த வேண்டும். த்ராட்டிலை மேனிஃபோல்டோடு இணைக்க பைக்கின் ரப்பர் பூட்டுகளே போதும். எஞ்சின் அதிர்வையும் அரை மில்லிமீட்டர் பிசகையும் அவை தாங்கிக் கொள்ளும்.

ஜிஎஸ்எக்ஸ்-ஆர் த்ராட்டில்களில் ஏர் ஃபில்டர் பக்கமாக, மோட்டாரால் இயங்கும் இரண்டாவது பட்டர்ஃபிளை (காற்று வாயைத் திறந்து மூடும் வட்டத் தகடு) ஒன்று இருக்கும். காருக்கு அது தேவையில்லை. அதன் திருகுகளின் முனை கழன்றுவிடாதபடி நசுக்கப்பட்டிருக்கும். அந்த நசுங்கலை அரத்தால் தேய்த்து எடுக்காமல் திருப்பினால் மரை அறுந்துபோகும். ஷாஃப்ட்டை எடுத்த துளைகளை அடைத்துவிடுங்கள். அவை முதன்மை பட்டர்ஃபிளைக்கு முன்னால் இருப்பதால் ஸ்லோ ஸ்பீடு கெடாது, ஆனால் வடிகட்டாத புழுதி அவ்வழியே நேராக சிலிண்டருக்குப் போகும்.

ஆல்பா_என்:

விட்டத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். இசியுவைப் பொறுத்தவரை, பழையதை வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் காரின் இசியு மேப் சென்சார் சொல்லும் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டே பெட்ரோலின் அளவைக் கணக்கிடுகிறது. நான்கு தனி த்ராட்டில்கள் வந்ததும் ஒவ்வொரு குழாயிலும் அழுத்தம் வால்வு திறக்கும்போதெல்லாம் துடிக்கும். அதுமட்டுமல்ல, பட்டர்ஃபிளை சற்றுத் திறந்ததுமே அழுத்தம் வெளிக்காற்றை நெருங்கிவிடும். அதன்பின் அரை மிதிக்கும் முழு மிதிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த சென்சாரால் காட்ட இயலாது.

ஆகவே பெட்ரோல் அட்டவணை த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்து அமைய வேண்டும். இதைத்தான் ஆல்பா-என் என்கிறோம். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ ஆகிய மாற்று இசியுக்கள் இரண்டிலும் இதைச் செய்யலாம். மெகாஸ்குவர்ட்டின் பிந்தைய பதிப்புகளில், குறைந்த திறப்பில் அழுத்தத்தையும் அதற்கு மேல் கோணத்தையும் பயன்படுத்தும் தனி முறையே உண்டு. டிராக்குக்கு மட்டும் என்றாலும் நான் அதையே பரிந்துரைப்பேன். பைக்கின் த்ராட்டில் பொசிஷன் சென்சார் சாதாரண 5 வோல்ட் வகைதான். அப்படியே வேலை செய்யும்.

பைக் செட்டோடு வரும் இன்ஜெக்டர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் சிலிண்டருக்கு 25. குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.25 சிசி வீதம் 131 சிசி. 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 164 சிசி இன்ஜெக்டர் போதும். நூறு குதிரைத்திறனைத் தாண்டிய பைக்கிலிருந்து வந்தவை அவை.

சக்தியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வதானால், அந்த கேம்ஷாஃப்ட்டை மாற்றாத வரை உச்ச சக்தி பெரிதாகக் கூடாது. மிதித்தவுடன் எஞ்சின் எழும் வேகமும் ஒலியும்தான் கிடைக்கும். 1991இல் டொயோட்டா தன் 4ஏ-ஜிஇ எஞ்சினுக்கு நான்கு த்ராட்டில்களைக் கொடுத்தபோது, சிலிண்டருக்கு ஐந்து வால்வு கொண்ட ஹெட்டையும் மாறும் வால்வு டைமிங்கையும் சேர்த்தே கொடுத்தது. உங்கள் பட்ஜெட்டில் ஒன்றுதான் முடியும் என்றால், நான் கேமையும் இசியுவையும் முதலில் செய்வேன்.

பழைய_எஸ்டீம்:

விளக்கமாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. கேமையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவத்தை எங்கிருந்து எடுப்பது? ஸ்லோ ஸ்பீட்டை எப்படி நிலைப்படுத்துவது?

செட்டிப்பாளையம்_வாசி:

பிரேக்கில் அலட்சியம் கூடாது. ஒரே குழாயிலிருந்து எடுத்தால், அந்த ஒரு சிலிண்டர் இழுக்கும்போது மட்டுமே வேக்குவம் வரும். நான்கு குழாய்களிலிருந்தும் சிறு நிப்பிள்கள் எடுத்து, ஒரு சிறிய அலுமினியப் பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து ஒருவழி வால்வு வழியாக பூஸ்டருக்குக் கொடுங்கள். மேப் சென்சாருக்கு அதே பெட்டியைப் பயன்படுத்தாமல், மெல்லிய ஹோஸ்களோடு தனியாக இன்னொன்று செய்துகொள்வது நல்லது. பெரிய கேம் போட்டால் ஸ்லோ ஸ்பீட்டில் வேக்குவம் மேலும் குறையும். அப்போது மின்சார வேக்குவம் பம்ப் வைக்க நேரிடலாம். சோதிப்பது எளிது: எஞ்சினை நிறுத்தி, பெடல் கடினமாகும் வரை பல முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும்.

ஸ்லோ ஸ்பீட்டுக்கு முன்னால் நான்கு பட்டர்ஃபிளைகளும் ஒரே அளவில் மூட வேண்டும். செட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்; பட்டர்ஃபிளையின் விளிம்பைச் சுற்றித் தெரியும் மெல்லிய ஒளிக்கீற்று நான்கிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பொருத்திய பிறகு, பட்டர்ஃபிளையைச் சுற்றிச் செல்லும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் திருகுகளை முழுவதும் மூடிவிட்டு, வேக்குவம் கேஜ்கள் காட்டும் அளவு சமமாகும் வரை ஷாஃப்ட்களுக்கு இடையே உள்ள திருகுகளைத் திருப்புங்கள். அதன் பிறகே பைபாஸைத் தொட வேண்டும். எவ்வளவு முயன்றும் ஒரு சிலிண்டர் மட்டும் அடங்கவில்லை என்றால், ஷாஃப்ட் முனையில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது தெளித்துப் பாருங்கள். எஞ்சினின் ஒலி மாறினால் அங்கே காற்றுக் கசிவு இருக்கிறது. புதுப்பேட்டைச் செட்டுகள் பலவற்றில் இந்த சீல்கள் தேய்ந்தே வரும் என்பதால், பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.