லூபஸும் ஃப்ளூ ஊசியும்: நோய் அடங்கட்டும்னு பொறுக்கணுமா, மழைக்கு முன்னாடி போட்டுரணுமா?

பொதிகைச்சாரல்

லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற நோய். ஆவணி பிறந்தாலே நம்ம நெல்லைப் பக்கத்து லூபஸ்காரங்க கேட்கிறது இதுதான்: ஃப்ளூ ஊசி போடலாமா, போட்டால் அடங்கிக் கிடக்கிற நோய் கிளம்பிருமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடணும், வருஷா வருஷம் போடணும். நோய் முழுசா அடங்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால் ஐப்பசி மழை வாசலில் வந்து நின்றுவிடும்.

லூபஸில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் கிருமித்தொற்று முன்வரிசையில் இருக்கிறது. நோயே எதிர்ப்புச் சக்தியைக் குழப்பி வைத்திருக்கும். அதற்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மைக்கோபினோலேட், அசாத்தியோபிரின், சைக்ளோபாஸ்பமைடு என்று அதை அமுக்கும் மருந்துகள். ஃப்ளூ வந்தால் நிமோனியாவில் போய் முடிகிற வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

போடவேண்டியது கொல்லப்பட்ட வைரஸால் ஆன ஊசி. பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தோள்பட்டைத் தசையில். ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் இருக்கும். உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஊசியால் ஃப்ளூ வரவே வராது. மூக்கில் விடுகிற மருந்து வேறு சங்கதி. நாசோவாக் போன்றவற்றில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். லூபஸுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது. "ஊசின்னா பயம், மூக்குல விட்டுக்கிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சிற்றாறு

அக்கா சொல்லுததுல பாதிதான் எனக்குச் சம்மதம். நோய் அடங்கி, ஹெச்.சி.க்யூ.வும் (ஹைட்ராக்சிகுளோரோகுயின்ங்கிற மலேரியா மருந்து) 5 மில்லிகிராம் ஸ்டீராய்டுமா ஓடிக்கிட்டிருக்கவங்க தாராளமாப் போடட்டும். சிறுநீர்ல புரதம் கொட்டுது, காலு வீங்கிக் கெடக்கு, தினம் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு போகுது, மாசாமாசம் பல்ஸ் (ரத்தக்குழாய் வழியா ஏத்துத அதிக அளவு மருந்து) ஏறுதுன்னு இருக்கவங்களுக்கும் இப்பமே போடுங்கன்னா அதை நான் ஒத்துக்கிட மாட்டேன்.

மூணு காரணம் சொல்லுதேன். லூபஸ்ல பொதுவாவே ஊசிக்கு எதிர்ப்பணு (கிருமியை எதிர்க்கிற புரதம்) மத்தவங்க அளவுக்கு வராது. ஸ்டீராய்டு கூடக்கூட, அசாத்தியோபிரின் சேரச்சேர அது இன்னும் குறையும். ரெண்டாவது, ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்போட 2019 பரிந்துரையிலயே நோய் அடங்கியிருக்கப்போ போடுததுதான் விரும்பத்தக்கதுன்னு இருக்கு. மூணாவதுதான் எனக்குப் பெருசு. கொதிச்சுக்கிட்டிருக்க நேரத்துல ஊசி போட்டு, அடுத்த வாரம் மூட்டு வீங்குச்சுன்னா அது ஊசியாலயா, நோய் தன்போக்குல ஏறுனதா, மருந்து பத்தலையான்னு பிரிக்க முடியாது. சிகிச்சையை மாத்தணுமா வேண்டாமாங்கிற முடிவே குழம்பிரும். அதுபோக, "ஊசி போட்டாச்சு"ங்கிற தைரியத்துல கல்யாண வீடு, கோயில் கொடைன்னு கூட்டத்துக்குள்ள போயிருவாங்க.

பொதிகைச்சாரல்

அண்ணாச்சி, விரும்பத்தக்கது என்று சொன்னார்களே தவிர, மற்ற நேரம் கூடாது என்று சொல்லவில்லை. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் எடுக்கும்போதே உயிரில்லாத ஊசிகளைப் போடலாம் என்று அதே பரிந்துரையில் இருக்கிறது.

அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2022 வழிகாட்டலைப் பாருங்கள். நோய் எந்த நிலையில் இருந்தாலும் உயிரில்லாத ஊசியைப் போடலாம் என்கிறது. ஸ்டீராய்டு தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ போகிறது என்றால், மற்ற ஊசிகளை அளவு குறையும்வரை தள்ளிவைக்கச் சொல்கிறது. ஃப்ளூவுக்கு மட்டும் விதிவிலக்கு: தள்ளாதே, போடு. நிமோனியா ஊசியை மூணு மாதம் கழித்துப் போட்டாலும் அதே பலன்தான். ஃப்ளூவுக்குப் பருவம் உண்டு, பருவம் கடந்தபின் போட்டு என்ன லாபம்? லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும் நெஃப்ரைட்டிஸ் அடங்க ஆறு மாதம், ஒரு வருடம் ஆகிறது. கொதிநிலையில்தான் மருந்தும் உச்சத்தில் இருக்கும், ஆபத்தும் உச்சத்தில் இருக்கும். அப்போது அரைகுறையாய்க் கிடைக்கிற பாதுகாப்பையும் வேண்டாம் என்பதா?

நோய் கிளம்புமா என்பதற்கு: லூபஸ்காரர்களுக்கு ஊசி போட்டு நோயின் அளவுகோலைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் குறிப்பிடும்படியான ஏற்றம் தெரியவில்லை. சிலருக்கு இரத்தத்தில் சில தன்னெதிர்ப்பணுக்கள் (தன் உடம்பையே தாக்குகிறவை) கொஞ்சநாள் கூடிப் பிறகு இறங்கியிருக்கின்றன. உடம்பில் அது காட்டவில்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நோய் மிதமாகவோ அடங்கியோ இருந்தவர்கள். அண்ணாச்சியின் சந்தேகத்துக்கு அந்த அளவு இடம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

பிரித்தறிய முடியாது என்பதற்கு வழி உண்டு. ஊசிக்கு முந்தின வாரம் சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம், முழு இரத்த எண்ணிக்கை, முடிந்தால் சி3, சி4 (நோய் ஏறும்போது குறைகிற இரத்தப் புரதங்கள்) எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கை வலி, லேசான காய்ச்சல், உடம்பு உளைச்சல் இரண்டு நாளில் போய்விட்டால் அது ஊசி. மூணு நாள் தாண்டியும் மூட்டு வீக்கம், புதுத் தடிப்பு, சிறுநீரில் நுரை என்றால் அதே பரிசோதனையைத் திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் பாதித்தவர்கள் டைக்ளோஃபினாக், புரூஃபன் வகையை வாங்கிப் போடவே கூடாது. ஊசி செய்யாத கெடுதலை அந்த மாத்திரை செய்துவிடும்.

சிற்றாறு

அதே அமெரிக்க வழிகாட்டலை வச்சு இன்னொண்ணு நடக்குது, அதையும் சொல்லணும்லா. ஃப்ளூ ஊசி போட்ட பிறகு ரெண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை (இதுவும் எதிர்ப்புச் சக்தியை அமுக்குத மருந்துதான்) நிறுத்தலாம்னு அதுல இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஆளாளுக்கு மாத்திரையை நிறுத்துதாங்க. அதுக்கு அடிப்படையான ஆய்வு கொரியாவுல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாதம்) உள்ளவங்களை வச்சு நடந்தது, லூபஸ்காரங்களை வச்சு இல்லை. "நோய் அனுமதிச்சா" அப்படின்னு வழிகாட்டல்லயே நிபந்தனை இருக்கு. மெத்தோட்ரெக்சேட்டைப் பத்தித்தான் அந்த வரி. மைக்கோபினோலேட்டையும் அசாத்தியோபிரினையும் அதே கணக்குல சொந்தமா நிறுத்திட்டு, மூணாவது வாரம் புரதம் ஏறி நிக்கவங்களுக்கு யார் பதில் சொல்லுதது?

பொதிகைச்சாரல்

இதில் நாம் இருவரும் ஒரே கட்சி. மெத்தோட்ரெக்சேட் விஷயத்தை மருத்துவர் சொன்னால் மட்டும். அவரைக் கேட்க நேரமில்லை என்றால் மருந்தைத் தொடர்ந்தபடியே ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள், வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். ஹெச்.சி.க்யூ.வை நிறுத்தவே வேண்டாம். 2009 பெருந்தொற்று ஊசியை வைத்து பிரேசிலில் லூபஸ்காரர்களிடம் பார்த்தபோது, மலேரியா மருந்து எடுத்தவர்களுக்கு எதிர்ப்பணு நன்றாகவே வந்தது.

தேதி முக்கியமாகிற மருந்து ரிட்டுக்சிமாப். எதிர்ப்பணுவைச் செய்கிற பி அணுக்களையே அது துடைத்துவிடும். ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே ஊசி போட்டுவிடுவது உத்தமம். ஐரோப்பியக் கணக்கு, குறைந்தது 4 வாரம் முன்னாடி. ஏற்கெனவே ஏற்றியவர்கள் பருவம் வந்தால் காத்திருக்காமல் போட்டுக்கொண்டு, நோய் இடம் கொடுத்தால் அடுத்த ரிட்டுக்சிமாப்பை 2 வாரமாவது தள்ளலாம் என்கிறது அமெரிக்க வழிகாட்டல்.

பாளை மருந்துக்கடை

நீங்க ரெண்டு பேரும் யாருக்கு, எப்பன்னு பேசுதீங்க. போடுற ஊசிக்கு வீரியம் இருக்கா போயிருச்சாங்கிறதுதான் என் கவலை.

ஃப்ளூ ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சாலும் கெட்டுப்போகும், வெயில்லயும் கெட்டுப்போகும். வண்ணார்பேட்டையில வாங்கி, ஐஸ் துண்டு போட்ட கேரிப்பையில வச்சு பாபநாசம் பஸ்ல ஒன்றரை மணி நேரம் கொண்டுபோய் ஊர்ல கம்பவுண்டர்கிட்ட போட்டுக்கிறாங்க. ஐஸ்ல ஒட்டியிருந்த பக்கம் உறைஞ்சிருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சோதனை அலுமினியம் சேர்ந்த ஊசிகளுக்குத்தான், வழக்கமான ஃப்ளூ ஊசிக்குச் செல்லாது. அதனால வாங்குற இடத்திலேயே போட்டுக்கோங்க. வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல வச்சு, கரண்டு போய்ப் போய் வந்த ஊசி இனாமாக் கிடைச்சாலும் வேண்டாம்.

அட்டையில ரெண்டு விஷயம் பாருங்க: காலாவதித் தேதி, எந்தப் பருவத்துக்கான வைரஸ்னு போட்டிருக்கிற வருஷம். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கலவையை அறிவிக்கும்: பிப்ரவரியில வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பர்ல தென் அரைக்கோளத்துக்கு. புரட்டாசியில போடுறப்ப போன வருஷத்து மிச்சத்தைத் தள்ளிவிடுறாங்களான்னு அந்த வருஷத்தைப் பார்த்தாலே தெரியும்.

நாலு வைரஸ் ஊசிதான் ஒசத்தின்னு மூணு வைரஸ் ஊசியை ஒதுக்க வேண்டாம். நாலாவதா இருந்த பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்துல உறுதியாத் தென்படவே இல்லை. அதைச் சேர்க்க அவசியமில்லைன்னு 2023-லயே சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு. லூபஸ்ல ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினையும் (ரத்தம் தானா உறையுறது) சேர்ந்து, உறையாம இருக்க வார்பரின் சாப்பிடுறவங்க, பிளேட்லெட் குறைஞ்சவங்க, ஊசி போடுறவங்ககிட்ட முதல்லயே சொல்லிருங்க. 23 கேஜ் இல்ல அதைவிடச் சன்னமான ஊசி, போட்டதும் தேய்க்காம 2 நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். ஐ.என்.ஆர். (ரத்தம் உறையுற நேரத்தைக் காட்டுற அளவு) கட்டுக்குள்ள இருக்கணும். தேய்ச்சா உள்ளுக்குள்ள ரத்தம் கட்டி, கை நீலம் பாரிச்சுப் போகும். அதையும் "ஊசி ஒத்துக்கலை"ன்னு கணக்குல எழுதிருவாங்க.

மேலகரம்

எல்லாரும் புரட்டாசி, ஐப்பசின்னே பேசுதீங்க. அது பாளையங்கோட்டைக்கும் நாங்குநேரிக்கும் சரி. எங்க தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியிலயே சாரல் வந்திருது. குற்றால சீசனுக்கு எல்லா ஊர்க் கூட்டமும் இங்கதான் இறங்கும். 2015-ல வந்த இந்திய ஆய்வுல ஆலப்புழையில ஃப்ளூ உச்சம் ஜூலை–செப்டம்பர், சென்னையிலயும் வேலூர்லயும் அக்டோபர்–நவம்பர். ரெண்டும் அந்தந்த ஊர் மழையோட போகுது. புளியரை தாண்டினா கேரளா. எங்களுக்கு சித்திரை, வைகாசியில தென் அரைக்கோள ஊசியைப் போடுததுதான் நியாயம்.

சிற்றாறு

நியாயந்தான், ஆனா அந்த ஆய்வுல நம்ம ஜில்லா இல்லையே. மழையை வச்சு நாமளா ஊகிக்கோம். அம்பாசமுத்திரத்துக்காரன் என்ன செய்வான்? ரெண்டு மழையும் அவன் தலையிலதான் பெய்யுது. சித்திரையில போட்டா கார்த்திகைக்குள்ள ஏழு மாசம். எதிர்ப்பணு குறைவா வர்ற ஆளுக்கு அதுக்குள்ள அது இறங்கிக்கிட்டே இருக்கும்லா.

பொதிகைச்சாரல்

என் கணக்கு: சாரல் விழுகிற மேற்கு ஓரத்துக்கு சித்திரை–வைகாசி, வள்ளியூர், ராதாபுரம், பாளை பக்கத்துக்கு புரட்டாசி, அம்பாசமுத்திரத்துக்கு எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அது. வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்கு அத்தனை நாள் முன்னாடியாவது. ஆனால் ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு ஆரம்பிக்கப் போகிறவர்கள் மாதத்தைப் பார்க்கவே வேண்டாம். அவர்களுக்கு மருந்துச் சீட்டுதான் பஞ்சாங்கம்.

மூலிகைப்பித்தன்

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இவ்வளவு சிக்கலுள்ள ஊசிக்குப் பதில் மழைக்காலத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் குடிநீரைக் கொடுத்தால் போதாதா?

பொதிகைச்சாரல்

போதாது. ஃப்ளூ வைரஸுக்கென்று எதிர்ப்பணுவை உண்டாக்குகிற வேலையைக் குடிநீர் செய்யாது. லூபஸில் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதைவிடத் திசைமாறித் தன் உடம்பையே தாக்குகிறது என்பதுதான் பிரச்சினை, அதைப் பொதுவாகக் கூட்டிவிடுவது நல்லதல்ல. கபசுரக் குடிநீரில் சீந்தில் சேர்கிறது. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குத் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். லூபஸ்காரர்கள் எந்தக் கஷாயத்தையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கக்கூடாது. மூலிகை மேல் உள்ள மரியாதையோடுதான் சொல்கிறேன்.

மூலிகைப்பித்தன்

சீந்தில் விஷயத்தை ஏற்கிறேன். சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் லூபஸ் என்பதையும், சாப்பிடுகிற ஆங்கில மருந்துப் பட்டியலையும் காட்டவேண்டும் என்பதே என் கருத்தும். நிலவேம்பை முற்றிலும் ஒதுக்கவேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சிற்றாறு

என் நிலைமை மாறலை. புதுசாக் கண்டுபிடிச்சு, பல்ஸ் ஏத்துத வாரத்துலயே ஊசியும் வேண்டாம். நாலஞ்சு வாரம் போகட்டும், ஸ்டீராய்டு இறங்க ஆரம்பிக்கட்டும். ஆனா அந்த வீட்ல மத்த எல்லாரும் உடனே போட்டுக்கிடணும். புருஷன், பிள்ளைக, கூட இருக்க மாமியார், எல்லாரும். அரசாங்க வழக்கமான அட்டவணையில பெரியவங்களுக்கு இது இல்லை, காசு கொடுத்துத்தான் போடணும். முடிஞ்சவரைக்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கு முதல்ல போடுங்க, வீட்டுக்குள்ள ஃப்ளூவைக் கூட்டிக்கிட்டு வர்றது அதுகதான்.

ஊசி போட்டவங்க, போடாதவங்க ரெண்டு பேருக்கும் இது: காய்ச்சல், இருமல்னா "லூபஸ் காய்ச்சல்தான்"னு ஸ்டீராய்டைக் கூட்டிக்கிட்டு வீட்ல இருக்காதீங்க. சி.ஆர்.பி. (ரத்தத்துல அழற்சியைக் காட்டுத அளவு) நல்லா ஏறியிருந்தா தொற்றைத்தான் முதல்ல சந்தேகப்படணும். ஃப்ளூன்னு தோணுனா 48 மணி நேரத்துக்குள்ள ஓசெல்டாமிவிர்ங்கிற ஃப்ளூ மருந்தை ஆரம்பிச்சாத்தான் முழுப்பலன். வழக்கமான அளவு 75 மில்லிகிராம், ரெண்டு வேளை, 5 நாள். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டுத வேகம்) 60-க்குக் கீழ இருந்தா 30 மில்லிகிராம் ரெண்டு வேளை, 30-க்குக் கீழன்னா 30 மில்லிகிராம் ஒரு வேளை. நெஃப்ரைட்டிஸ் இருக்குன்னு சொல்லாம விட்டா முழு அளவை எழுதிக் கொடுத்திருவாங்க, அதனால கடைசியா எடுத்த கிரியாட்டினின் சீட்டைக் கையோட கொண்டுபோங்க. காய்ச்சல்னு பயந்து தினசரி ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்திறாதீங்க, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே மயங்கிரும். மைக்கோபினோலேட்டை நிறுத்தி வைக்கணுமா வேண்டாமான்னு அன்னைக்கே உங்க டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க.