வலங்கைமான் வீடு குழு: பரண் சொம்புக் காசு

ராஜேந்திரன்: நேத்து பரண்லேர்ந்து செப்புச் சொம்பை இறக்கியாச்சு. உள்ள முழுக்க பழைய காசு. ஞாயித்துக்கிழமை கும்பகோணத்துலேர்ந்து ஒரு வியாபாரி வர்றார். எடைக்கு எடுத்துக்கிறாராம்.

பிரியா: (6 படங்கள்)

செந்தில்: முன்னனுப்பப்பட்டது: *ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா உங்களிடம் உள்ளதா? 10 லட்சம் உடனே!! கீழுள்ள எண்ணுக்கு அழைக்கவும்!!*

செந்தில்: மாமா இது இருக்கா பாருங்க

பிரியா: இருக்கு!!! 4ஆவது படம்

கமலா: முருகா

மூர்த்தி: அண்ணே எடைக்குப் போடாதீங்க. இருங்க, டைப் பண்றேன்

விஜயா: இனி மத்தியானம் வரைக்கும் இவருக்கு சாப்பாடு வேண்டாம்

மூர்த்தி: முதல்ல அந்த ராமர் காசு. கம்பெனி ராமரையோ அனுமாரையோ போட்டு காசு அடிச்சதே இல்ல. அது பிற்காலத்துல பக்திக்கு அடிச்சு வித்த டோக்கன். கம்பெனி ஆண்ட பகுதி முழுக்க ஒரே மாதிரி கால் அணா, அரை அணா வந்தது 1835 சட்டத்துக்கு அப்புறம். அதுக்கு முன்ன சென்னை மாகாணத்துக்கு அடிச்ச செம்பு 20 காசு, 10 காசு, 5 காசு. செந்தில், அந்த நம்பருக்குப் பேசாதே. பதிவுக் கட்டணம், வரி, கமிஷன்னு பணம் கேப்பான். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல இதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்கு.

செந்தில்: பேசிட்டேன் மாமா. 2500 கேட்டான்

மூர்த்தி: கட்டினியா

செந்தில்: இல்ல

ராஜேந்திரன்: அப்ப அரிசி மணியைத் தானா இழுக்கிற அதிசயக் காசுன்னு சொல்றாங்களே?

மூர்த்தி: அது சுத்த மோசடி அண்ணே. செம்பு அரிசியையும் இழுக்காது, காந்தத்துலயும் ஒட்டாது. காந்தத்துல ஒட்டினா உள்ள இரும்பு, மேல முலாம்.

மூர்த்தி: பிரியா, 2ஆவது படம் அருமையான காசும்மா. ஒரு பக்கம் சிங்கம் தாங்கின கம்பெனி சின்னம், கீழ 1808. பின்னால பாரசீக எழுத்து, அடியில 20 காசுன்னு ரோமன் எண். பர்மிங்காம் பக்கத்துல சோஹோ நாணயச் சாலையில நீராவி இயந்திரத்துல அடிச்சு சென்னைக்குக் கப்பல்ல அனுப்பினது. இதே மாதிரி காசு ஏத்திக்கிட்டு வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையிலயே குட்வின் மணல்திட்டுல தட்டி முழுகிடுச்சு. 1980கள்ல லட்சக்கணக்குல மேல எடுத்தாங்க. அதனால 1808ன்னு பார்த்ததும் அபூர்வம்னு நினைச்சிடக் கூடாது. அந்தக் கடல் காசு நிறைய தேயாம இருக்கும், ஆனா உப்பு கடிச்சு மேல்தோல் சொரசொரன்னு இருக்கும். நம்மளது வழவழன்னு தேஞ்சிருக்கு. புழங்கின காசு.

கமலா: எல்லாம் சரி. பளபளன்னு இருந்தாத்தானே விலை வரும்? நேத்தே பத்து காசை புளி, பீதாம்பரி போட்டுத் தேச்சு வெச்சிட்டேன்

மூர்த்தி: அக்கா

மூர்த்தி: அக்கா இதுக்கு மேல தொடாதீங்க

கமலா: குத்துவிளக்கை அப்படித்தானே விளக்குறோம்

ராஜேந்திரன்: எந்தக் குத்துவிளக்கு? அம்மாவோடதா?

கமலா: அம்மா எனக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்க அண்ணே. அதை இப்ப எடுக்காதீங்க

விஜயா: காசைப் பத்திப் பேசுவோம்

மூர்த்தி: புளியில இருக்கிற அமிலம் மேல படிஞ்ச பழுப்பைக் கரைச்சிடும். அந்தப் பழுப்புத்தான் காசுக்குத் தோல். போயிட்டா கீழ ரோஸ் நிறத்துல வெறும் செம்பு தெரியும், பொடி போட்ட கீறல் வட்டம் வட்டமா நிக்கும். வாங்குறவன் லென்ஸ்ல பார்த்ததும் 'கழுவினது'ன்னு ஒதுக்கிடுவான். திரும்பப் பழுப்பேற இன்னும் பல வருஷம் ஆகும், அப்பவும் பழைய நிறம் வராது.

பிரியா: சித்தப்பா சிலதுல வெளிர் பச்சையா இருக்கே, அது?

மூர்த்தி: பல்குச்சியால மெதுவா தொட்டுப் பாரு. கரும்பச்சையா எனாமல் மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தா விட்டுடு, அது காசைக் காப்பாத்துது. மாவா உதிருதா?

பிரியா: உதிருது. மூணு காசுல. கீழ குழி இருக்கு

மூர்த்தி: அதுதான் நோய். உப்புல இருக்கிற குளோரைடு உள்ள பூந்து ஈரம் பட்டா செம்பைத் தின்னுக்கிட்டே போகும். அந்த மூணையும் தனியா வை. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல கண்ணாடிக் கிண்ணத்துல ஊறப்போடு, தினம் தண்ணி மாத்து, சில வாரம் ஆகும். போர் தண்ணி கூடவே கூடாது, அதுலயே குளோரைடு இருக்கு. அப்புறம் சுத்த அசிட்டோன்ல முக்கி எடுத்தா ஈரம் போயிடும். அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பான். காய்ஞ்சப்புறம் ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வெச்சு அப்பப்பப் பாரு. மறுபடி மாவு பூத்தா உப்பு இன்னும் போகலை.

செந்தில்: மாமா எனக்கு பத்து காசு ஒதுக்குங்க, டல்லாஸுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆல்பம் வாங்கிட்டேன்

மூர்த்தி: நூறு வருஷம் தாண்டினது 1972 சட்டப்படி தொல்பொருள். தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. ஆல்பம் மெத்துமெத்துன்னு வளையுற பிவிசி உறையா இருந்தா அதுவும் வேண்டாம். அமிலம் கசிஞ்சு காசுல பச்சையா பிசுபிசுன்னு ஒட்டும். மைலார்னு பாலியெஸ்டர் உறை வாங்கு.

செந்தில்: 1943 ஓட்டைக் காசு?

மூர்த்தி: அது நூறு ஆகலை. ஆனா தொல்பொருள் இல்லைன்னு தொல்லியல் துறை சான்று இருந்தா ஏர்போர்ட்ல பேச்சு வராது.

கமலா: 12ஆம் தேதி அப்பா திவசத்துக்கு ஐயர்கிட்ட சொல்லியாச்சா?

ராஜேந்திரன்: சொல்லணும்

மூர்த்தி: ஞாயிறுக்குள்ள தரம் பிரிச்சிடலாம். 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு போதும். 1835 கால் அணா சுமார் 6.47 கிராம், அரை அணா 12.95, பன்னிரண்டில் ஒரு பங்கு அணா 2.16. கால் அணா 4.86 காட்டினா அது வெண்கலம், 1906ல மாறினது. ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. விளக்கைப் பக்கவாட்டுல வெச்சு காசைச் சாய்ச்சுப் பாருங்க. விக்டோரியா ராணி காசுல கிரீடமும் காதுக்கு மேல முடியும்தான் முதல்ல தேயும். முடி இழை இழையா பிரிஞ்சு தெரிஞ்சா நல்ல தரம், மொத்தையா வழிஞ்சிருந்தா சாதாரணம். கம்பெனி காசுல சிங்கத்தோட முகத்தைப் பாருங்க. தேஞ்ச கால் அணா மலிவாவே கிடைக்குது, அதுக்குப் பெருசா ஆசை வேண்டாம். அடிச்சப்ப இருந்த சிவப்பு அப்படியே இருக்கிற செம்புக்குத்தான் விலை. சொம்புல உருண்ட காசு சிவப்பா இருந்தா யாரோ கழுவினதுன்னு அர்த்தம்.

கமலா: திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்

மூர்த்தி: உங்களைச் சொல்லலை அக்கா

பிரியா: சித்தப்பா 5ஆவது படம் யாருமே பார்க்கலை. ஒரு ஆள் நிக்கிறார்

மூர்த்தி: பின்பக்கம் அனுப்பு

பிரியா: (படம்)

மூர்த்தி: உட்கார்ந்திருக்கிற உருவம், இடது கைக்குக் கீழ மூணு வரி நாகரி எழுத்து. ஸ்ரீ, ராஜ, ராஜ. ராஜராஜன் காசு மாதிரி தெரியுது. நிறைய கிடைக்கிற வகைதான், போலியும் நிறைய. ஓரத்துல வார்ப்புக் கோடு, ஊசிமுனைக் குழிகள் இருக்கான்னு பாரு. இருந்தா அச்சுல ஊத்தினது, சந்தேகம். இதைத் துணியால கூடத் துடைக்காதே.

ராஜேந்திரன்: சொம்பு எடை மட்டும் 2 கிலோ வருது. அதையாவது போடலாமா?

விஜயா: சொம்பையும் வைங்க. திவசத்துக்கு ஆகும்

கமலா: பங்கு எப்படின்னு சொல்லுங்க முதல்ல

ராஜேந்திரன்: தரம் பிரிச்சிட்டுப் பேசுவோம் கமலா

கமலா: விளக்குக்கும் இதையேதான் சொன்னீங்க

செந்தில்: வியாபாரியை வரச் சொல்றதா வேண்டாமா?

ராஜேந்திரன்: வந்து பாக்கட்டும். குடுக்கிறதை அப்புறம் பாப்போம்

மூர்த்தி: அவர் வர்றதுக்கு முன்ன ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் படம் எடுத்து எடை எழுதி வைங்க. ராஜராஜனை வெளிய எடுக்காதீங்க

பிரியா: தராசு யார்கிட்ட இருக்கு?