தலைவர் படத்தின் முன்னால் நின்றபோது காதில் விழுந்தவை

நடைபாதை

முறைப்படி வரைய வைத்து, திரை விலக்கி, சுவரில் மாட்டுகிற தலைவர் படங்களைச் சொல்கிறேன். போஸ்டரும் கட்அவுட்டும் கணக்கில் வராது. அப்படி ஒன்றை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். படம் எப்படி இருந்தது என்பதைவிட, பக்கத்தில் நின்றவர் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு வேண்டும். முதல் கதை என்னுடையது.

வாஷிங்டனில் தேசிய உருவப்படக் காட்சிக்கூடம். அதிபர்கள் வரிசையில் கறுப்புக் கோட்டும் இருண்ட பின்னணியுமாக ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கண் சொருகுகிறது. திடீரென்று ஒரு சுவரில் பச்சைப் பசேல். கெஹிண்டே வைலி வரைந்த ஒபாமா, ஏழடி உயரம். மர நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், டை இல்லை, சுற்றிலும் இலை. 2018 பிப்ரவரியில் திரை விலக்கிய அன்றே இணையத்தில் கேலி தொடங்கிவிட்டது. இடது கையில் ஆறு விரல் இருக்கிறது என்றுகூட ஒரு புரளி.

நான் நின்றபோது என் பக்கத்தில் மூன்று பேர் அதே வேலையில்தான் இருந்தார்கள். ஒரு அம்மா ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி எண்ணினார். "ஐந்துதான்" என்று கணவரிடம் சொன்னபோது குரலில் லேசான ஏமாற்றம். நானும் எண்ணினேன். ஐந்துதான். விரலுக்கு அந்தப் பக்கம் மல்லிகையும் செவ்வந்தியும் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். மல்லிகை அவர் பிறந்த ஹவாய்க்காம், செவ்வந்தி சிகாகோவுக்கு, நீல அல்லி அப்பாவின் கென்யாவுக்கு. இதையெல்லாம் யாரும் பேசவில்லை. எல்லோரும் விரல் எண்ணிக்கொண்டிருந்தோம்.

வெள்ளைத்தாள்

அதே கூடம், அதே வருஷம். ஆனால் நான் போனது மிஷெல் ஒபாமா படத்துக்காக. (அவர் பதவியில் இருந்த தலைவர் இல்லையே என்று யாராவது வருவீர்கள். வாங்க.)

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் வெளியான அன்று ஃபோனில் பார்த்துவிட்டு, "யாரு இது, ஜாடையே இல்லையே" என்று நாலு குரூப்பில் ஃபார்வர்டு பண்ணியவள் நான். இதை வரைந்த ஏமி ஷெரால்ட் தோலைச் சாம்பல் நிறத்தில்தான் வரைவார், அவருடைய எல்லாப் படங்களிலும் அப்படித்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அச்சில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தால் கூட்டம். கூட்டம் தாங்காமல் மார்ச்சில் படத்தையே மூன்றாவது மாடியில் பெரிய இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு இரண்டு வயதுக் குழந்தை வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்கும் போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியதே, அதுவும் இந்தப் படத்தின் முன்னால்தான். நான் போன நாளில் எனக்கு முன்னால் நின்ற பெண், "அவங்க மாதிரியே இல்ல" என்று ஆரம்பித்தார். கூட வந்த பாட்டி திரும்பாமலே, "மாதிரி இருக்கணும்னா போட்டோ வாங்கிக்கோ" என்றார். நான் எழுதி அனுப்பிய நாலு குரூப்புக்கும் சேர்த்து அந்தப் பாட்டி பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

ஃபோனில் தெரியாத விஷயம் அந்த கவுன். படத்தில் பாதிக்கு மேல் அதுதான், மலை மாதிரி அகலமாக. முகம் அதன் உச்சியில் சின்னதாக இருக்கிறது. ஃபோனில் நாம் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஜாடை இல்லை என்கிறோம்.

பழைய_பேப்பர்

லண்டன் உருவப்படக் காட்சிக்கூடத்தில் நான் பார்த்தது, இல்லாமல் போன ஒரு படத்தின் மிச்சம். சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளுக்கு, 1954 நவம்பர் 30 அன்று, நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் சேர்ந்து கிரஹாம் சதர்லாண்டை வரைய வைத்துப் பரிசாகக் கொடுத்த படம். அது இப்போது இல்லை. அதற்காக அவர் முன்கூட்டியே போட்டுப் பார்த்த வரைவுகள்தான் இருக்கின்றன.

மேடையிலேயே சர்ச்சில், "நவீனக் கலைக்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு" என்றார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. பாராட்டு மாதிரி ஒரு வார்த்தை, அதை வைத்தே ஆளைக் கவிழ்த்துவிட்டார். ஓவியரும் அங்கேதான் இருந்தார், பாவம். படம் வீட்டுக்குப் போனது, அப்புறம் வெளியே வரவே இல்லை. மனைவி கிளெமென்டைன் இறந்த பிறகு, 1978-இல்தான் அது அழிக்கப்பட்ட செய்தி ஊருக்குத் தெரிந்தது.

வரைவுகளில் ஒன்றின் முன்னால் ஒரு கல்லூரிப் பையன் ரொம்ப நேரம் நின்றான். "இதுல என்ன தப்பு? வயசானவர் வயசானவரா இருக்கார்" என்றான். எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் என் வயது அறுபத்தெட்டு. என்னை யாராவது அப்படி வரைந்து எல்லோர் முன்னாலும் திறந்தால் என்ன செய்வேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

சும்மா_ஒருத்தன்

@பழைய_பேப்பர் சார், அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் இன்னும் மோசம். பீட்டர் ஹர்ட் வரைந்ததைப் பார்த்து, இவ்வளவு அசிங்கமான பொருளை நான் பார்த்ததே இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் படத்துக்காக ஒரே ஒரு தடவை உட்கார்ந்தார், அதிலும் தூங்கிவிட்டார். அந்தப் படம் தப்பித்தது. நடைபாதை போன அதே வாஷிங்டன் கூடத்தில்தான் இருக்கிறது.

ஜன்னலோரம்

2024 மே மாதம் ஜோனதன் யோ வரைந்த மூன்றாம் சார்லஸ் படம், லண்டனில் சில வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். முழுக்க முழுக்கச் சிவப்பு. முகத்தையும் கையையும் தோளருகே ஒரு வண்ணத்துப்பூச்சியையும் விட்டால் சீருடை, சுவர் எல்லாம் ஒரே சிவப்பு. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் "ரத்தம்" என்ற சொல்லோடுதான் நுழைந்தார்கள். இணையத்தில் படித்துவிட்டு வந்து அதையே நேரில் சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிஷம் நின்ற பிறகுதான் ஒருவர், "முகம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சும்மா_ஒருத்தன்

ராஜா அரசியல் தலைவரா?

ஜன்னலோரம்

நாட்டின் தலைவர் அல்லவா. விடுங்க தலைவரே.

மாடிப்படி

என் கதை 2025 மார்ச். வேலை விஷயமாக டென்வர் போயிருந்தேன். கொலராடோ சட்டமன்றக் கட்டடத்தில் அதிபர்கள் படங்கள் வரிசையாக உண்டு. டிரம்ப் படத்தை வரைந்தவர் சாரா போர்ட்மேன், டிரம்பின் கட்சிக்காரர்களே நிதி திரட்டி 2019-இல் மாட்டியது. அங்கே இருந்த ஒபாமா படத்தை வரைந்தவரும் சாராதான்.

கிட்டத்தட்ட ஆறு வருஷம் அது பாட்டுக்குத் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம்ப், தன்னை வேண்டுமென்றே கோணலாக வரைந்திருக்கிறார்கள் என்று எழுதினார். ஒபாமாவை மட்டும் அருமையாக வரைந்திருக்கிறாராம். திங்கட்கிழமை நான் போனபோது செல்ஃபிக்கு ஆள் முண்டியது. அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்க்கிறேன் என்ற ஒருவர், "தினமும் இதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவேன், இன்னிக்குத்தான் நின்னு பார்க்கிறேன்" என்றார். கன்னம் உருண்டையா, இல்லையா என்று இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை. ஓட்டு யாருக்குப் போட்டார்கள் என்பது கன்னத்தைப் பற்றிச் சொல்வதிலேயே தெரிந்துவிட்டது. அடுத்த ஓரிரு நாளில் படத்தைக் கழற்றிவிட்டார்கள்.

ஆணி

நான் பார்த்தது படம் இல்லாத சுவர். பிரான்சில் ஒரு நகர மன்ற அலுவலகம், 2019. அங்கே அதிபரின் போட்டோவை மாட்டச் சொல்லிச் சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம்தான். மக்ரோன் மேஜையில் சாய்ந்து நிற்பாரே, பின்னால் திறந்த சன்னல், கைக்கருகில் ஃபோன்கள், அந்தப் படம். பருவநிலைப் போராட்டக்காரர்கள் அந்த வருஷம் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

நான் போன இடத்தில் ஒரு ஆணி. அதைச் சுற்றிச் சுவரைவிட வெளுப்பாக ஒரு செவ்வகம். கீழ் ஓரத்தில் தூசு ஒரு கோடாகப் படிந்திருந்தது. முன்பு எத்தனையோ தடவை அந்த அறைக்குப் போயிருக்கிறேன், படம் இருந்ததாக நினைவே இல்லை. அன்று வரிசையில் நின்ற எல்லோரும் அந்த வெற்றிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுத்தர் பேனாவை எடுக்காமலே, "வெளியே போயிருக்கிறார்" என்றார்.

மூன்றாம்_தூரிகை

கூலிக்குப் படம் வரைகிறவன் நான், அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டேன். பதவி முடிந்து போன ஒருவர், அவர் உட்கார்ந்திருந்த அலுவலகத்துக்காகவே படம். முதல் நாளே கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது வேண்டாம், வயசைக் காட்டுது." பொதுவில் அவரைக் கண்ணாடி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. சொன்னேன், கேட்கவில்லை. வரைந்தேன்.

திறப்பு நாள். துணி விலகியதும் எப்போதும் இரண்டு மூன்று நொடி சத்தமே இருக்காது. எங்கள் பிழைப்பு முழுக்க அந்த நொடியில்தான். நான் படத்தைப் பார்க்க மாட்டேன், முன் வரிசை முகங்களைத்தான் பார்ப்பேன். அன்று யாரோ தட்ட ஆரம்பித்தார்கள், எல்லோரும் தட்டினார்கள். தட்டல் ஓய்ந்ததும் அவர் மனைவி கேட்டார்: "கண்ணாடி எங்கே?"

அப்புறம் மாலை முழுக்க அதே கேள்விதான். யாரோ மாதிரி இருக்கு, கண்ணே சரியில்லை, ஓவியருக்கு ஆளைத் தெரியாது போல. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, மீதிப் பணம் வரவேண்டியிருந்தது.

நடைபாதை

அண்ணா, அப்புறம்?

மூன்றாம்_தூரிகை

படம் திரும்பி வந்தது தம்பி. கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அதற்குத் தனியாகப் பணம் தரவில்லை.