பழைய டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மூன்றாம் கியரில் நழுவுகிறது: பிரிப்பதற்கு முன் எதைச் சோதிக்கலாம்?

கேள்வி

வணக்கம். என்னுடையது 1980களில் வந்த பிக்கப் டிரக். கார்புரேட்டர் இன்ஜின், கணினிக் கட்டுப்பாடு இல்லாத நான்கு கியர் ஆட்டோமேட்டிக். சுமையுடன் மேடு ஏறும்போது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியதும் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுப்பதில்லை. நான்காம் கியரிலும் இதே நிலைதான். முதல் இரண்டு கியர்களிலும் ரிவர்ஸிலும் குறையே இல்லை. வண்டி சூடேறிய பின் தொல்லை கூடுகிறது. காட்டிய பட்டறையில் ஆயில் கம்பியைக்கூட உருவிப் பார்க்காமல், கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் வாங்கும் முன்பே கார்புரேட்டரை மாற்றியிருக்கிறார்கள். அதைத் தவிர வண்டியின் பழைய விவரம் எதுவும் தெரியாது. நானே எவற்றைச் சோதிக்கலாம்?

பதில் 1

முதலில் ஆயில். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடேறிய பின், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால், குறைவாக உள்ள ஆயில்கூடச் சரியான அளவில் இருப்பதாகத் தெரியும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அளவுக்கு மீறி ஊற்றினாலோ சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் ஆயில் அழுத்தம் விழுந்து, அந்த அழுத்தத்தால் உள்ளே கியரைப் பிடிக்கும் கிளட்ச் பிளேட்டுகள் நழுவும்.

கம்பியில் உள்ள ஆயிலை வெள்ளைத் துணியில் துடைத்து நிறத்தையும் வாடையையும் பாருங்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. பால் கலந்தாற்போல வெளுத்த இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்; பிளேட்டின் உராய்வுப் பட்டையே கழன்றுவிடும் என்பதால், அந்த நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

பதில் 2

ஆயிலைப் பற்றி மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் நீங்கள் தந்த விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. எல்லாக் கியரிலும் நழுவினால் பம்ப், ஃபில்டர், ஆயில் அளவு ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் வண்டியிலோ மூன்றும் நான்கும் மட்டும் நழுவுகின்றன. இவ்வகை நான்கு கியர் பெட்டிகள் சிலவற்றில் இந்த இரண்டையும் ஒரே கிளட்ச் தொகுதிதான் தாங்குகிறது.

இனி கார்புரேட்டருக்கு வருவோம். அதிலிருந்து கியர்பாக்ஸுக்குள் ஒரு கேபிள் போகிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்கேற்ப உள்ளே ஆயில் அழுத்தத்தை உயர்த்துவது அந்தக் கேபிள்தான். புதிய கார்புரேட்டரின் நெம்பும் கை வேறு நீளத்தில் இருந்தாலோ, கேபிள் தளர்ந்திருந்தாலோ, சுமை ஏறும்போது அழுத்தம் ஏறாது. கிளட்ச் பிடிக்க முடியாமல் நழுவி எரியும். கியர் முன்கூட்டியே, மிக மென்மையாக மாறுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இன்ஜினை அணைத்துவிட்டு, இன்னொருவரை முழுவதும் மிதிக்கச் சொல்லி, கேபிளும் அதன் கடைசி எல்லை வரை இழுபடுகிறதா என்று பாருங்கள். சரிசெய்யும் வரை சுமை ஏற்ற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. நிறம் பழுப்பு, இலேசான கருகல் வாடை. கேபிள் இருக்கிறது. முழுவதும் மிதித்த பின்னும் அது விரலால் இழுக்கும் அளவுக்குத் தளர்வாகவே நிற்கிறது. கேபிளைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிவிட்டால் போதுமா?

பதில் 2

கேபிளைச் சரிசெய்வதோடு நிற்காமல், கியர்பாக்ஸின் சோதனைத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கில் ஐட்லிங்கில் கேபிளைக் கையால் இழுத்துப் பாருங்கள். முள் தெளிவாக ஏற வேண்டும். அளவுகளை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டுடன் ஒப்பிடுங்கள்.

பதில் 1

ஆயில் மாற்றினால் எரிந்த பிளேட் திரும்ப வராது. ஆனாலும் கியர்பாக்ஸின் அடித்தட்டை இறக்கிப் பார்ப்பது அவசியம். அதிலுள்ள காந்தத்தில் மைபோல மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பானதே. விரலிடுக்கில் நறநறவென்று கரும்பொடியோ, பளபளக்கும் உலோகச் சீவல்களோ அகப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும். தட்டை இறக்கும்போது மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான் வடியும், மிச்சம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். எனவே வடிந்ததை அளந்து, அதே அளவு, கையேடு சொல்லும் வகை ஆயிலையே ஊற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

கேபிளைச் சரியான தாங்கியில் மாட்டிய பின் கேஜில் முள் கையேட்டின் அளவுக்கு ஏறுகிறது. ஆகவே பம்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தட்டில் கரும்பொடி நிறைய இருந்தது, உலோகச் சீவல் இல்லை. வெறும் வண்டியில் இப்போது மூன்றாம் கியர் பிடிக்கிறது, மேட்டில் இன்னமும் சற்றே நழுவுகிறது. அந்தக் கிளட்ச் தொகுதியை மாற்றத்தான் வேண்டும் என்று புரிகிறது.

பதில் 2

ஆம், மாற்றத்தான் வேண்டும். கேபிளைத் தொடாமல் பிரித்துக் கட்டியிருந்தால் புதிய பிளேட்டுகளும் இதே போல எரிந்திருக்கும். வேலைக்குக் கொடுக்கும்போது கேஜில் கண்ட அளவுகளை எழுதிக் கொடுங்கள். கூலரையும் அதன் குழாய்களையும் அலசச் சொல்லுங்கள், ஏனெனில் பழைய கரும்பொடி அங்கேயும் தங்கியிருக்கும். வண்டி திரும்பி வந்ததும், சுமை ஏற்றுவதற்கு முன் கேபிளின் இழுப்பை நீங்களே மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.