ஆற்றில் பொன் அரிக்கும்போது ரேஞ்சர் வந்தால்

ரேஞ்சர் வந்து விரட்டிவிடுவாரோ என்று பயந்தே பலர் பொன் அரிக்கப் போவதில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஆபர்ன் மாநிலப் பூங்காவுக்குள், அமெரிக்கன் ஆற்றில் தட்டு வைத்து அரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் மண்கொத்தியால் கரையைக் கிளறிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் நேரே அவர்களிடம்தான் போனார். இந்தப் பூங்காவில் கையும் தட்டும் மட்டும்தான், வேறு எந்தக் கருவியும் கூடாது. அபராதம் போடவில்லை. கொத்தியைக் காரில் வைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து அவரே குழியை மூடினார்.

அப்புறம் என் தட்டைப் பார்த்தார். அரிசியில் கல் அரிப்பதுபோல அரித்து, கருமணல் மட்டும் தங்கியிருந்தது. அதன் ஓரத்தில் கடுகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளை மணி. தட்டைச் சாய்த்ததும் உருண்டது, இரண்டாகப் பிரிந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது. பாதரசம்! 1848-ல் கொலோமாவில் பொன் கண்டெடுத்த பிறகு, பொன்துகளைப் பிடிப்பதற்காகச் சுரங்கக்காரர்கள் ஊற்றியது. அதில் சுமார் 1 கோடி பவுண்டு சுற்றுப்புறத்தில் கலந்துவிட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. மோட்டார் வைத்து ஆற்றடி மணலை உறிஞ்சினால் இந்தப் பாதரசம் பொடிப்பொடியாகி நீரோடு போகும், மீனுக்குள் ஏறும். அதனால் 2009-ல் உறிஞ்சும் இயந்திரங்களை மாநிலம் நிறுத்தியது எனக்கு முழு நியாயமாகப் படுகிறது. தட்டுக்குத் தடை இல்லை.

---

அண்ணா, என் அனுபவம் பூங்காவுக்கு வெளியே, கூட்டரசு நிலத்தில். அங்கே ரேஞ்சரைவிட கிளெயிம்காரரை, அதாவது அந்த இடத்தின் சுரங்க உரிமையைப் பதிந்து வைத்திருப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1872-ம் வருடத்துச் சுரங்கச் சட்டப்படி ஓடையில் ஒரு துண்டைத் தன் பேரில் பதிந்துகொண்டால், அதிலுள்ள பொன்னை எடுக்கும் உரிமை அவருக்குத்தான். பதிவேட்டில் பார்த்து, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனேன். கிளெயிம் வைத்திருந்த பெரியவர் தன் எல்லையின் மூலைக் கம்பங்களைக் காட்டினார், தாராளமாக அரிக்கச் சொன்னார்.

அவருடைய உறிஞ்சு இயந்திரம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கூட்டரசு கொடுத்த உரிமையை மாநிலம் தடுக்கலாமா என்று குமுறினார். தடுக்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. ஆனாலும், பல காலம் அதை நம்பிப் பிழைத்தவருக்கு மாற்று வழி எதுவும் காட்டாமல் விட்டது சரியில்லை. பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் வேலைக்கே இவர்களை அமர்த்தியிருக்கலாம். ஆற்றின் ஒவ்வொரு மடக்கும் அவர்களுக்கு அத்துப்படி.

தட்டில் அந்தப் பாதரச மணியைப் பார்த்தால் வெறும் கையால் தொடாதீர்கள், திரும்ப ஆற்றிலும் கொட்டாதீர்கள். மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் நீரோடு எடுத்துவைத்து, அபாயக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்துவிடுங்கள்.